செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பூங்காவிலும் கடற்கரையிலும் பள்ளி மைதானங்களிலும் காலைதோறும் வெறுங்காலோடு நடக்கும் அன்பர்களுக்கு,



சென்னையோ கோவையோ திருச்சியோ, இப்போது எந்த ஊர்ப் பூங்காவுக்கு விடியற்காலையில் போனாலும் ஒரு காட்சி தவறாமல் கண்ணில் படுகிறது. நடைப்பயிற்சிக்கென்றே பார்த்துப் பார்த்து வாங்கிய ஷூவை சிமென்ட் பெஞ்சுக்குக் கீழே தள்ளிவிட்டு, பேன்ட் நுனியை இரண்டு மடிப்பு மடித்துக்கொண்டு, ஈரம் காயாத புல்லில் கால் வைக்கிறீர்கள். முதல் அடியில் உள்ளங்கால் கூசுகிறது. இரண்டு மூன்று சுற்றுக்குள் கூச்சம் போய்விடுகிறது. எங்கே மண் இறுகிக் கிடக்கிறது, எங்கே வேப்பங்கொட்டை உதிர்ந்திருக்கிறது, எங்கே நேற்றைய தண்ணீர் இன்னும் ஊறிக்கொண்டிருக்கிறது என்று குனிந்து பார்க்காமலே கால் சொல்லிவிடுகிறது. எட்டு வடிவத் தடம் போட்ட பூங்காவில் அந்த எட்டில் நடக்கிறீர்கள். கூழாங்கல் பதித்த பாதை இருந்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டு அதிலும் நாலு நடை நடந்து பார்க்கிறீர்கள்.

நல்ல பழக்கம். அது தொடர வேண்டும், இன்னும் பல பேர் வந்து சேர வேண்டும் என்பதுதான் இந்த மடலின் விருப்பம்.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது. ‘எர்த்திங்’, ‘கிரவுண்டிங்’ என்ற பெயர்களில் நடைக்குழுக்களின் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகள் பாதத்தை மறந்துவிட்டு எலக்ட்ரானைப் பற்றியே பேசுகின்றன. வெறுங்கால் பூமியில் பட்டதும் எலக்ட்ரான்கள் உடம்புக்குள் ஏறுமாம். ரத்தம் நீர்க்குமாம், சர்க்கரை இறங்குமாம், இதய அடைப்பு விலகுமாம். செய்தியின் கீழே ஒரு பாயோ போர்வையோ விற்பனைக்கு இருக்கும். கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வரும் மாத்திரையைப் பிரிக்காமல் வைத்துவிட்டுப் புல்லை மட்டும் நம்பினால் அவர்கள் இழப்பது அதிகம். ஆகவே இந்த நடையில் மெய்யாகவே கிடைப்பது எது, கிடைக்காதது எது, யார் செருப்போடு நடக்க வேண்டியவர் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பேசிவிட வேண்டியிருக்கிறது.

வெறுங்காலை மருந்தாகச் சொன்னவர்கள் புதியவர்கள் இல்லை. ஜெர்மனியின் பவேரியாவில், பாட் வோரிஸ்ஹோஃபன் என்ற ஊரில் பாதிரியாராக இருந்த செபாஸ்டியன் க்னைப், 1886இல் வெளியிட்ட தண்ணீர் வைத்திய நூலில் பனி படிந்த புல்லிலும் ஈரக் கல்லிலும் புதிதாய்ப் பெய்த வெண்பனியிலும் வெறுங்காலோடு நடக்கச் சொன்னார். வெண்பனியில் சில நிமிடங்கள் போதும் என்று எல்லையும் வகுத்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 1896இல், அடோல்ஃப் யுஸ்ட் என்பவர் ஹார்ட்ஸ் மலைப்பகுதியில் ‘யுங்போர்ன்’ என்ற இயற்கை மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார். அங்கே வருகிறவர்கள் வெறுங்காலோடு திரிந்தார்கள், தரையில் படுத்தார்கள், களிமண் கட்டுப் போட்டுக்கொண்டார்கள். எழுத்தாளர் பிரான்ஸ் காஃப்கா 1912 ஜூலையில் அங்கே போய்த் தங்கியிருக்கிறார். ‘இயற்கைக்குத் திரும்பு’ என்ற யுஸ்ட்டின் நூல் தென்னாப்பிரிக்காவில் இருந்த காந்தியின் கைக்கு வந்தது. ஈர மண்ணைத் துணியில் பரப்பி அடிவயிற்றில் கட்டிக்கொள்ளும் வழக்கத்தை அதைப் படித்துத்தான் அவர் ஆரம்பித்தார். தன்வரலாற்றில் அதற்கென்று ஓர் அத்தியாயமே உண்டு. 1946இல் புனே அருகே உருளிகாஞ்சனில் அவர் தொடங்கிவைத்த இயற்கை மருத்துவ ஆசிரமம் இன்றும் நடக்கிறது. நம் ஊர் இயற்கை மருத்துவ மனைகளில் வயிற்றிலும் நெற்றியிலும் மண்பட்டி போட்டுக்கொண்டு படுத்திருப்பவர்கள் அந்த வழியில் வந்தவர்கள்தான்.

க்னைப்பின் நூலில் எலக்ட்ரான் கிடையாது. அந்த நூல் வந்தபோது எலக்ட்ரானே கண்டறியப்படவில்லை. அதைச் சேர்த்தவர் அமெரிக்காவில் கேபிள் டிவி தொழிலில் இருந்து ஓய்வுபெற்ற கிளின்ட் ஓபர். கேபிளில் இரைச்சல் சேராமலிருக்க அதன் வெளியுறையை எர்த் செய்வது அந்தத் தொழிலின் பாலபாடம். மனித உடம்பையும் அப்படி எர்த் செய்தால் என்ன என்று 1990களின் இறுதியில் அவருக்குத் தோன்றியது. 2010இல் இதய மருத்துவர் ஸ்டீபன் சினாட்ரா, எழுத்தாளர் மார்ட்டின் சக்கர் ஆகியோரோடு சேர்ந்து ‘எர்த்திங்’ என்ற நூலை வெளியிட்டார். இன்று வாட்ஸ்அப்பில் உலவும் வாசகங்களுக்கெல்லாம் ஊற்று அதுதான்.

ஆய்வே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2004இல் வெளியான ஒன்றில் 12 பேரை எட்டு வாரங்கள் மின்கடத்தும் விரிப்பில் தூங்க வைத்து, கார்டிசால் என்ற ஹார்மோனை அளந்தார்கள். தூக்கம் நன்றாக வந்தது, வலி குறைந்தது என்று அவர்கள் சொன்னார்கள். ஒப்பிட்டுப் பார்க்கச் சாதாரண விரிப்பில் தூங்கிய இன்னொரு குழு அதில் இல்லை. 2010இல் தசைவலி பற்றிய ஆய்வு, அதில் 8 பேர். 2013இல் ரத்தம் நீர்க்கிறதா என்று பார்த்த ஆய்வு, அதில் 10 பேர், இரண்டு மணி நேரம். இந்தத் துறையில் திரும்பத் திரும்ப எழுதும் ஆய்வாளர்களில் சிலர், எர்த்திங் ஆய்வுக்குப் பணம் கொடுக்கும் நிறுவனத்தில் தங்களுக்குச் சிறு பங்கு இருப்பதாகக் கட்டுரையிலேயே அறிவித்திருக்கிறார்கள். அறிவித்தது நேர்மை. ஆனால் பத்துப் பன்னிரண்டு பேரை வைத்துச் செய்த சோதனையை நம்பி ஒரு சர்க்கரை நோயாளி மருந்தை மாற்றிக்கொள்ளலாமா? எந்த மருத்துவரும் சம்மதிக்க மாட்டார்.

இயற்பியல் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். பூமியின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பது உண்மை. உலகெங்கும் ஓயாமல் நடக்கும் இடிமழை அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்றால் உடம்பும் பூமியும் ஒரே மின்னழுத்தத்துக்கு வந்துவிடுவதும் உண்மை. அது எவ்வளவு நேரத்தில் நடக்கிறது, எவ்வளவு மின்னூட்டம் நகர்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மனித உடம்பு மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திறன் மிகச் சிறியது, ஏறக்குறைய 100 பிகோஃபாரட். பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து இரும்புக் கதவைத் தொடும்போது விரலில் சுருக்கென்று ஒரு அடி விழுகிறதே, உடம்பில் தேங்கியிருந்தது அத்தனையும் அந்தக் கணத்தில் இறங்கிவிடுகிறது. கண் இமைப்பதற்குள் முடிந்துபோகும் வேலை அது. அதற்குப் பிறகு நாற்பது நிமிடம் புல்லில் நடந்தாலும் உடம்புக்குள் ஏறிக்கொண்டே இருக்கும் எலக்ட்ரான் ஆறு எதுவும் கிடையாது.

இதற்குச் சான்று தேடி அமெரிக்கா போக வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கைப்பேசியும் மின்னணுப் பலகைகளும் பொருத்தும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட வேலையில் கை மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிக்கொள்வார்கள். அதிலிருந்து சுருள் கம்பி ஒன்று மேசையின் எர்த் முனைக்குப் போகும். சில இடங்களில் குதிகாலிலும் பட்டை உண்டு. உடம்பில் தேங்கும் நிலைமின்சாரம் சிப்பைச் சுட்டுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. நெல்லிக்குப்பத்திலிருந்தும் செய்யாறிலிருந்தும் வந்து விடுதியில் தங்கி வேலை பார்க்கும் இளம்பெண்கள், ஷிஃப்ட் முழுக்க, ஆண்டுக்கணக்கில், பூமியோடு மின்தொடர்பில் இருக்கிறார்கள். எர்த்திங் நூல் சொல்லும் பலன் அத்தனையும் முதலில் கிடைத்திருக்க வேண்டியது அவர்களுக்குத்தான். ஷிஃப்ட் முடிந்து பஸ் ஏறும்போது அவர்களுக்கும் கழுத்து வலிக்கிறது, கால் கடுக்கிறது, நைட் ஷிஃப்ட் என்றால் தூக்கம் கெடுகிறது.

அந்த மணிக்கட்டுப் பட்டையில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. கம்பியின் நடுவே ஒரு மெகாஓம் ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். தவறிப்போய் அந்தப் பெண் கரன்ட் உள்ள கம்பியைத் தொட்டுவிட்டாலும் உடம்பு வழியாகப் போகும் மின்சாரம் கால் மில்லிஆம்பியரைத் தாண்டாது. பிழைத்துக்கொள்வார். இணையத்தில் வாங்கிப் படுக்கையில் விரிக்கும் எர்த்திங் பாயின் கம்பிக்குள் அந்த ரெசிஸ்டர் இருக்கிறதா, இருந்தால் எத்தனை ஓம் என்று வாங்குகிறவர் பிரித்துப் பார்க்கவா போகிறார்?

பாயின் கம்பி போய்ச் சேரும் இடம் வீட்டு பிளக்கின் மேல் துளை, அதாவது எர்த் பின். அந்தத் துளைக்குப் பின்னால் சுவருக்குள் என்ன இருக்கிறது என்பது வீட்டுக்காரருக்குத் தெரியாது. சரியான வீட்டில், கொல்லைப்புறத்தில் குழி தோண்டி, குழாயோ செப்புத் தகடோ இறக்கி, கரியும் உப்பும் போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றுவார்கள். பழைய வீடுகளிலும் அவசரத்தில் கட்டிய வாடகைப் போர்ஷன்களிலும் எர்த் கம்பியே இழுத்திருக்க மாட்டார்கள். இன்னும் மோசம், நியூட்ரலையும் எர்த்தையும் சுவிட்ச் போர்டுக்குள்ளேயே ஒன்றாக முறுக்கி விட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டில் என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் எர்த் பின்னுக்கு 230 வோல்ட் வந்துவிடும். ஃபிரிட்ஜைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று சொல்லும் வீடுகளின் கதை பெரும்பாலும் இதுதான். அந்தப் பின்னில் மாட்டிய விரிப்பின் மேல் எட்டு மணி நேரம் தூங்குவது ஆரோக்கியத்தில் சேராது. அந்தப் பாய்க்கு ஆகும் காசில் ஒரு எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதித்து, மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டித்துவிடும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் பொருத்திக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் எல்லாருடைய உயிருக்கும் அது காவல்.

எலக்ட்ரானை விட்டுவிட்டால் வெறுங்கால் நடையில் மிச்சம் என்ன என்று சோர்ந்துபோக வேண்டாம். மிச்சம்தான் அதிகம்.

ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள். அவற்றைப் பிடித்து நிறுத்தும் சிறு தசைகள் கெட்டியான ஷூவுக்குள் பாதி நேரம் வேலையின்றி இருக்கின்றன. 1992இல் கர்நாடகத்தில் இரண்டு மருத்துவர்கள் 2,300 குழந்தைகளின் காலடித் தடங்களை எடுத்துப் பார்த்தார்கள். செருப்போ ஷூவோ போட்டுப் பழகிய குழந்தைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலில் வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம் பேருக்குத்தான். அதிலும் முன்பக்கம் மூடிய ஷூ போட்டவர்களுக்கே பாதிப்பு அதிகம். உலகெங்கும் எலும்பு மருத்துவர்கள் இன்றும் எடுத்துக்காட்டும் ஆய்வு அது. நம் பக்கத்து மாநிலத்துப் பிள்ளைகளின் பாதங்கள் சொன்ன செய்தி.

வெறுங்காலில் நடந்தால் தோல் தடித்து உணர்ச்சி மழுங்கிவிடும் என்று ஒரு பயம் உண்டு. 2019இல் ஆய்வாளர் டேனியல் லீபர்மன் குழுவினர் கென்யாவில் வெறுங்காலோடு வாழ்கிறவர்களின் பாதங்களைச் சோதித்தார்கள். தோல் தடிமனாகத்தான் இருந்தது. தரையின் அதிர்வை உணரும் கூர்மையோ குறையவே இல்லை. மெத்தை வைத்த ஷூ செய்ய முடியாததை வெறும் தோல் செய்துவிடுகிறது. காப்பும் கொடுக்கிறது, சேதியும் கடத்துகிறது. 1960இல் ரோம் நகரத்துக் கல் பாவிய வீதிகளில் வெறுங்காலோடு ஓடி ஒலிம்பிக் மாரத்தானை வென்ற எத்தியோப்பியர் அபேபே பிகிலாவின் கால்கள் அப்படிப்பட்டவை.

முதியவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வயதாக ஆகப் பாதத்தின் உணர்ச்சி குறைகிறது, தடுமாற்றம் வருகிறது, குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது. 2005இல் அமெரிக்காவின் ஓரிகனில் 60 முதல் 92 வயது வரையிலான 108 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப் பேரைக் கூழாங்கல் போன்ற மேடு பள்ளம் கொண்ட விரிப்பின் மீது 16 வாரங்கள் நடக்கச் செய்தார்கள். மற்றவர்கள் சாதாரணமாக நடந்தார்கள். கல் விரிப்பில் நடந்தவர்களுக்கு உடல் சமநிலை கூடுதலாக மேம்பட்டது, ரத்த அழுத்தமும் இறங்கியது. ஆகவே கூழாங்கல் பாதையில் முகம் சுளித்துக்கொண்டு நடப்பவர்கள் நம்பிக்கையோடு நடக்கலாம்.

மண்ணுக்கும் பங்கு உண்டு. பின்லாந்தில், சரளையும் செயற்கைத் தரையுமாக இருந்த குழந்தைகள் காப்பக முற்றங்களில் காட்டு மண்ணையும் புல்தரையையும் கொண்டுவந்து பரப்பினார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் 28 நாட்கள் அதில் புரண்டு விளையாடினார்கள். தோலில் வாழும் நுண்ணுயிர்களின் வகைகள் பெருகின, நோய் எதிர்ப்பு ஆற்றலை ஒழுங்குபடுத்தும் சில கூறுகள் ரத்தத்தில் மேம்பட்டன என்று 2020இல் அறிவித்தார்கள். பேரப்பிள்ளை மண்ணில் கை வைத்தால் ஓடிப்போய்த் துடைக்கும் தாத்தா பாட்டிகள் கவனிக்க வேண்டிய செய்தி.

இனி, யார் செருப்போடு நடக்க வேண்டியவர் என்ற விஷயத்துக்கு வரலாம். இந்த மடலை எழுதத் தூண்டியதில் அதற்கும் பங்கு உண்டு.

1914இல் கொல்லிமலையில் பிறந்தவர் பால் பிராண்ட். பெற்றோர் மதப் பணிக்காக வந்த ஆங்கிலேயர்கள். படிப்பு முடித்து 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவைச் சிகிச்சை மருத்துவராகத் திரும்பி வந்தார். அந்தக் காலத்தில் தொழுநோய் சதையைத் தின்றுவிடுகிறது, அதனால்தான் விரல்கள் குறைகின்றன என்று எல்லாரும் நம்பினார்கள். பிராண்ட் நோயாளிகளின் அன்றாடத்தைக் கூர்ந்து பார்த்தார். கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கினார்கள். காலில் ஆணி ஏறியது தெரியாமல் நாள் முழுக்க நடந்தார்கள். நரம்பு செத்து வலி போனதுதான் மூலம், புண்ணும் குறைவும் அதற்குப் பின்னால் வருபவை என்று அவர் நிலைநாட்டினார். வேலூர், கரிகிரி வட்டாரத்தில் நடந்த அந்த வேலையோடு சேர்ந்து வளர்ந்ததுதான் எம்.சி.ஆர். செருப்பு. மெத்தென்ற மைக்ரோசெல்லுலார் ரப்பரில், ஆணியே அடிக்காமல் செய்யப்படுவது.

பிராண்டின் வாழ்க்கையில் ஓர் இரவு உண்டு. கப்பல் பயணமும் நீண்ட ரயில் பயணமும் முடித்து, உடம்பு சரியில்லாமல், லண்டனில் ஒரு விடுதி அறைக்கு வந்து காலுறையைக் கழற்றினார். குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசி எடுத்துக் குத்திப் பார்த்தார். ரத்தம் துளிர்த்தது, வலி இல்லை. ஆண்டுக்கணக்கில் தொழுநோயாளிகளோடு பழகியவர், தனக்கும் வந்துவிட்டது என்று எண்ணி விடிய விடியக் கிடந்தார். காலையில் மறுபடியும் குத்தினார். வலியில் கத்திவிட்டார். பயணத்தில் ஒரே நிலையில் உட்கார்ந்து நரம்பு மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். அந்த வலியைப் போல இனிமையான ஒன்றை அதுவரை உணர்ந்ததில்லை என்ற பொருளில் பின்னாளில் எழுதினார். 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபின், வேலூரில் கற்ற பாடம் சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் அப்படியே பொருந்துவதைக் கண்டார்.

உங்கள் நடைக்குழுவுக்கும் அதே பாடம்தான். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வுப்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். முப்பது பேர் கொண்ட எந்த நடைக்குழுவிலும் சர்க்கரை உள்ளவர்கள் இல்லாமல் இருக்க மாட்டார்கள். பல ஆண்டுகளாகச் சர்க்கரை உள்ளவருக்கு உள்ளங்காலில் எறும்பு ஊர்வது போலவோ பஞ்சில் நடப்பது போலவோ ஓர் உணர்வு வரும். பிறகு எதுவுமே தெரியாது. அவர் வெறுங்காலில் கருவேல முள்ளை மிதித்தால் அறிய மாட்டார். வெயில் ஏறிய கோயில் பிரகாரத்தில், தேங்காய் நார் விரிப்பை விட்டு விலகிக் கருங்கல்லில் நின்றால் தோல் கொப்பளிப்பது தெரியாது. வீட்டுக்கு வந்து, வேட்டியில் ரத்தக்கறை கண்டு, மகளோ மருமகளோ சொல்லித்தான் தெரியும். அந்தச் சிறு புண் ஆறாமல் விரலில் தொடங்கி முழங்கால் வரை எடுக்க நேர்ந்த குடும்பங்கள் எல்லாத் தெருவிலும் உண்டு.

இதைக் கண்டுபிடிக்க 10 கிராம் நைலான் இழை ஒன்று போதும். கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்காலில் ஐந்தாறு இடங்களில் இழை வளையும் வரை அழுத்துவார்கள். பட்டது தெரிகிறதா என்று கேட்பார்கள். தெரியாத இடம் இருந்தால் அந்தக் காலுக்கு வெறுங்கால் நடை கூடாது. புல்லிலும் கூடாது, மணலிலும் கூடாது, வீட்டுக்குள்ளும் கூடாது. அவருக்குப் பூமியோடு தொடர்பு எம்.சி.ஆர். செருப்பின் வழியாகத்தான்.

நல்ல கால் உள்ளவர்களும் தரையை அறிந்து கால் வைக்க வேண்டும். மண் தாய்தான், ஆனால் அந்த மண்ணில் கொக்கிப்புழுவும் வாழ்கிறது. அதன் நுண்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாகக் குடலுக்குப் போய் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கிறது. ஆண்டுக்கு இருமுறை பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் குடற்புழு நீக்கும் அல்பெண்டசோல் மாத்திரை கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மலம் கழிக்கப் பயன்படும் வெளி, நாய்கள் புரளும் மணல், சாக்கடை பொங்கிய புல்தரை ஆகியவற்றில் வெறுங்கால் வேண்டாம். 1842இல் மதுரை மருந்தகத்தில் பணியாற்றிய கில் என்ற மருத்துவர், காலில் முள் குத்திய வழியாகக் கிருமி புகுந்து ஆண்டுக்கணக்கில் பாதத்தை வீங்கவைக்கும் நோயைப் பதிவு செய்தார். ‘மதுரைப் பாதம்’ என்றே மருத்துவ உலகம் அதை அழைத்தது. வெறுங்காலில் வயலுக்குப் போன உழவர்களின் நோய் அது. நடவு நடும் பெண்களைக் கேட்டால், விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண்ணையும் அதற்கு மருதாணி அரைத்து வைத்துக்கொண்டு மறுநாளும் சேற்றில் இறங்கியதையும் சொல்வார்கள். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் இறந்ததாக 2020இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அவர்களில் பெரும்பகுதியினர் கிராமத்து மக்கள். இருட்டில் வரப்பில் வெறுங்காலோடு போனவர்கள் எத்தனையோ பேர் அதில் இருப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. ‘நம் முன்னோர் செருப்பில்லாமல் நடந்தார்கள், அதனால் ஆரோக்கியமாக இருந்தார்கள்’ என்று குழுக்களில் அடிக்கடி வருகிறது. செருப்பு வாங்கக் காசில்லாமல் நடந்தவர்கள் உண்டு. காசு இருந்தும் போடக் கூடாது என்று தடுக்கப்பட்டவர்கள் உண்டு. ஊர்த்தெருவுக்குள் நுழையும்போது செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போன தலித் மக்களின் தலைமுறைகள் இந்த மண்ணில்தான் வாழ்ந்தன. பொது இடத்தில் செருப்பு அணிவதைத் தடுப்பதைக் குற்றமாக வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டியிருந்தது. செருப்புக்காக அடிபட்டவரின் பேரனும் உங்கள் பூங்காவில் நடக்கலாம். அவரிடம் வெறுங்காலின் பழம்பெருமையைப் பேசும்போது இது நினைவில் இருக்கட்டும்.

உங்களிடம் கேட்க இரண்டு கோரிக்கைகள்.

முதலாவது, பூங்காவைப் பற்றியது. புதுப்பிக்கிறோம் என்ற பெயரில் நகரப் பூங்காக்களின் நடைபாதைகள் எல்லாம் பேவர் பிளாக்காக மாறிவருகின்றன. எட்டு வடிவத் தடத்துக்கும் சிமென்ட், உட்காரும் இடத்துக்கும் சிமென்ட், மரத்தைச் சுற்றியும் கழுத்தை நெரிப்பது போல சிமென்ட். ஏழரை மணி வெயிலிலேயே கல் சுடத் தொடங்கிவிடுகிறது, மழைத் தண்ணீர் உள்ளே இறங்க வழியில்லை. மண்ணைத் தொட வருகிறவர்களுக்கு மண்ணே இல்லை. நீங்கள் தினமும் கூடுகிறவர்கள். நாற்பது ஐம்பது கையெழுத்து உங்களுக்கு ஒரு காலை வேலை. செம்மண்ணும் மணலும் கலந்து இறுக்கிய ஒரு நடைபாதை, சுத்தமான புல்வெளி, நடை முடிந்தபின் கால் கழுவ ஒரு குழாய், இவற்றைக் கேட்டு வார்டு கவுன்சிலரிடம் மனுக் கொடுங்கள். அடுத்த டெண்டருக்கு முன்னால் கொடுங்கள். நாய்கள் அசுத்தம் செய்யாதபடி பார்த்துக்கொள்ளவும் கண்ணாடித் துண்டு பொறுக்கவும் முறை போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, உங்களுக்குள்ளே செய்ய வேண்டியது. மாதம் ஒரு ஞாயிறு, நடை முடிந்ததும் எல்லாரும் உட்கார்ந்து ஒருவர் பாதத்தை ஒருவர் பாருங்கள். பித்தவெடிப்பு ஆழமாக இருக்கிறதா, விரலிடுக்கில் வெள்ளையாக ஊறியிருக்கிறதா, எங்காவது நிறம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரையோ செவிலியரையோ ஒருநாள் அழைத்து நைலான் இழைச் சோதனை செய்து தரக் கேளுங்கள். தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். வானம் இருட்டி இடி கேட்டால் புல்வெளியை விட்டுக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

உங்கள் குழுவில் யாராவது ஒருவர் செருப்போடு நடந்து வந்தால், ‘என்ன சார், இன்னுமா பயம், கழற்றிப் போட்டுட்டு வாங்க’ என்று தயவுசெய்து கூப்பிடாதீர்கள். அவருடைய கால் எந்த நிலையில் இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். சில சமயம் அவருக்கும் தெரியாது. செருப்போடு வருகிறவரையும் சேர்த்துக்கொண்டு நடங்கள்.

அன்புடன்,
உங்களோடு காலையில் நடக்கும் ஒருவர்